வாசக்கதவுல ஈயக் கண்ணாடி: உங்க கேள்விகளும் என் பதில்களும்

வீட்டு வாசக்கதவுக்கு வைக்கிற லெடட் கிளாஸ் பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன், எதிர்பார்த்ததை விட நிறையவே வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து இங்க பதில் சொல்றேன். கண்ணாடியை வெட்டி ஈயத்துல கோக்கிற வேலையை நான் இன்னும் கையாலதான் செஞ்சுட்டு இருக்கேன், அதனால சில இடத்துல கொஞ்சம் நீளமாப் போயிடும், பொறுத்துக்குங்க.

கேள்வி: சார், லெடட் கிளாஸும் ஸ்டெயின்ட் கிளாஸும் ஒண்ணா வேறயா? விசாரிச்ச ரெண்டு இடத்துலயும் ரெண்டு விதமா சொல்றாங்க. எங்களுக்கு நிறமே வேணாம், வெள்ளைக் கண்ணாடி போதும், அப்பவும் அது லெடட்தானா?

பதில்: அப்பவும் லெடட்தான். துண்டு துண்டா வெட்டின கண்ணாடியை ஈயப் பட்டைக்குள்ள செருகி, பட்டையும் பட்டையும் சேர்ற இடத்துலயெல்லாம் பத்த வச்சு, மொத்தத்தையும் ஒரே பலகையா நிக்க வைக்கிறதுக்குப் பேருதான் லெடட் கிளாஸ். அதுல நிறம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்டெயின்ட்ங்கிறது நிறத்தைப் பத்தின வார்த்தை. வெள்ளி உப்பு கலந்த பூச்சைக் கண்ணாடி மேல தடவி சூளையில சுட்டா வெளிர் மஞ்சள்ல இருந்து ஆரஞ்சு வரைக்கும் ஒரு நிறம் கண்ணாடிக்குள்ளயே ஊறிடும், ஐரோப்பாவுல 14-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துல புழக்கத்துக்கு வந்தது, கறாரா பார்த்தா அதுதான் ஸ்டெயின். இப்போ எல்லா நிறக் கண்ணாடியையும் அப்படித்தான் கூப்பிடறாங்க, அதுல தப்பும் ஒண்ணும் இல்ல.

அந்த ஈயப் பட்டையைப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்குங்க, பின்னாடி வர்ற பதில்களுக்கும் உதவும். பட்டையைக் குறுக்க வெட்டிப் பார்த்தா இங்கிலீஷ் எச் எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்துலதான் கண்ணாடி உக்காரும், நடுவுல ஒரு தண்டு. அந்தத் தண்டோட கனம் சுமார் ஒண்ணரை மில்லிமீட்டர்ல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் வரும். காகிதத்துல படம் வரையும்போதே அந்தக் கனத்தை ஒவ்வொரு கோட்டுலயும் கழிச்சுட்டுத்தான் கண்ணாடியை வெட்டணும். கழிக்காம விட்டா என்ன ஆகும்னா, குறுக்க பத்து துண்டு வர்ற டிசைன்ல பலகை ஒண்ணரை சென்டிமீட்டர் பெருசா வளர்ந்து நிக்கும், நிலைக்குள்ள நுழையாது. நான் வேலை கத்துக்கிட்ட முதல் வருஷம் இதை அழுதுக்கிட்டே கத்துக்கிட்டேன்.

பட்டை காரீயம். பத்த வைக்கிற கலவை வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு. காரீயம் 327 டிகிரியில உருகும், அந்தக் கலவை 190-க்குள்ளயே உருகிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் எங்க பிழைப்பே நடக்குது, சூடு கோலை ஒரு நொடி அதிகமா வச்சுட்டா பட்டையே ஓட்டையாயிடும். 12-ம் நூற்றாண்டுல தியோஃபிலஸ்ங்கிற துறவி இந்த வேலையை எழுதி வச்சுட்டுப் போயிருக்கார், பலகையில படத்தை வரைஞ்சு, அது மேலயே கண்ணாடியை வச்சு அளவெடுத்து, ஈயத்துல கோத்துன்னு அவர் சொல்ற வரிசை இன்னைக்கும் பெருசா மாறல.

கேள்வி: கேட்லாக்ல ஒரு டிசைன் பார்த்தோம், நடுவுல நீல வட்டம், சுத்தி கொடி, ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அப்படியே எங்க கதவு அளவுக்குச் செஞ்சு தரச் சொல்லலாமா? வேற எதாவது பாக்கணுமா?

பதில்: வெளிச்சத்தைப் பாக்கணும். தயவுசெஞ்சு இதை மட்டும் எனக்காகச் செய்யுங்க. ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் அந்த வாசல்ல காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்குப் போட்ட பிறகு ஒரு தடவை போய் நில்லுங்க. வெயில் நேரா கதவு மேல விழுதா, முன்னாடி தாழ்வாரம் எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு, எதிர்ல மரம் இருக்கா மதில் இருக்கா, உள்ள நுழைஞ்சதும் தரை வெளுப்பா கறுப்பா, எல்லாம் கணக்கு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா நானே தப்பு பண்ணியிருக்கேன். ஒரு வீட்டுக்குக் கோபால்ட் நீலம் எடுத்தேன், பட்டறையில ஜன்னலோரம் பிடிச்சுப் பார்த்தப்போ மயில் கழுத்து மாதிரி மின்னுச்சு. கொண்டு போய் மாட்டினா அந்த வீட்டுக்கு முன்னாடி ஆழமான தாழ்வாரம், வெளிச்சம் பாதிகூட வரல, நீலம் கறுப்பா நிக்குது, தூரத்துல இருந்து பார்த்தா கதவுல ஓட்டை விழுந்த மாதிரி. வீட்டுக்காரங்க நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க, எனக்குத்தான் மனசு ஆறல. ரெண்டே நாள்ல கழட்டி எடுத்து அந்த ஏழு துண்டையும் வெளிர் நீலமா மாத்தினேன், அதே இடம், அதே வெளிச்சம், இப்போ வானம் மாதிரி இருக்கு. அன்னைல இருந்து சாம்பிள் துண்டுகளைப் பையில போட்டுக்கிட்டு அந்த வாசலுக்கே போயிடறேன். சாம்பிளை மேஜை மேல படுக்க வச்சுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, எந்த இடத்துல நிக்கப் போகுதோ அங்க நிமிர்த்திப் பிடிச்சுப் பாருங்க.

கண்ணாடி வகையும் முக்கியம். வாயால ஊதிச் செய்யற கண்ணாடியில வெயில் விழுந்தா அந்த நிறம் அப்படியே தரையில வந்து படுக்கும், மணிக்கு மணி நகரும், பொழுது சாஞ்சா நீண்டுக்கிட்டே போகும். பால் கலந்த மாதிரி இருக்கிற ஓபலசென்ட் கண்ணாடி அப்படி நிறத்தைத் தரையில போடாது, வெளிச்சத்தைத் தனக்குள்ளயே வாங்கி வச்சுக்கும், ஆனா பின்னாடி வெளிச்சம் இல்லாத நேரத்துலயும் அதோட நிறம் ஓரளவு தெரியும். அதனால தாழ்வாரம் ஆழமா இருக்கிற வாசலுக்கு நான் ஓபலசென்ட்தான் சொல்லுவேன். ராத்திரி கதை தலைகீழ். உள்ள விளக்கு எரியும்போது தெருவுல நடந்து போறவங்களுக்குத்தான் அந்தக் கதவு அழகு, உள்ள உக்காந்திருக்கிற உங்களுக்கு அது இருட்டுப் பலகைதான். வாசல்ல வெளிப்பக்கம் ஒரு சின்ன விளக்கு இருந்தா அந்தக் குறை தீரும்.

சிகாகோவுல ராபி ஹவுஸ்னு ஒரு வீடு, ஃபிராங்க் லாய்ட் ரைட்ங்கிற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைச்சது, 1910-ல முடிஞ்சது. அந்த ஒரு வீட்டுக் கதவு ஜன்னலுக்கு மட்டும் 174 கண்ணாடிப் பலகை, எல்லாம் அந்த வீட்டுக்குன்னே வரைஞ்சது. கஸ்டம்னு நாம சொல்றது இதைத்தான். கேட்லாக் படத்தை நீட்டிச் சுருக்கி உங்க அளவுக்கு ஆக்கறது வெறும் அளவு மாத்தறதுதான். உங்களுக்குப் பிடிச்ச அந்த வட்டமும் கொடியும் இருக்கட்டும், ஆனா எந்த நீலம்ங்கிறதை உங்க வாசல் சொல்லட்டும்.

கேள்வி: கண்ணாடிக் கதவு வச்சா வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் வீட்டுக்குள்ள தெரியுமேன்னு என் மாமியார் பயப்படறாங்க. என்ன பண்றது?

பதில்: அவங்க பயப்படறது நியாயம்தான், தெளிவான கண்ணாடி போட்டா உள்ள தெரியத்தான் செய்யும். ஓரம் சாய்வாத் தேச்ச பெவல் கண்ணாடி கூட வெயில்ல வானவில் போடுமே தவிர நடுப்பாகம் தெளிவா இருக்கும், மறைக்காது. உங்களுக்கு வேண்டியது மேல்பரப்புல சுருக்கமோ வரியோ இருக்கிற வகை. வரிவரியா இருக்கிற ரீடட் கண்ணாடியில ஆள் நிக்கிறது தெரியும், யாருன்னு தெரியாது, பல வீட்டுக்கு அந்த அளவே போதும்.

எனக்குப் பிடிச்சது குளூ சிப். செய்யற விதத்தைச் சொல்றேன், மாமியார்கிட்ட காட்டுங்க, அவங்களுக்கும் பிடிச்சுப் போகும். கண்ணாடி மேல மணலைப் பீய்ச்சி அடிச்சு சொரசொரப்பாக்கி, அது மேல விலங்குத் தோல் எலும்புல காய்ச்சின வஜ்ஜிரப் பசையைச் சூடா ஊத்தி விடுவாங்க. பசை காயக் காயச் சுருங்கும், சுருங்கும்போது கண்ணாடியோட மேல்தோலைப் பொறுக்குப் பொறுக்கா பிச்சுக்கிட்டு வந்துடும். பிச்சுக்கிட்ட இடமெல்லாம் பெரணி இலை மாதிரி, பறவை இறகு மாதிரி ஒரு கோலம் விழுந்திருக்கும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. கிட்ட நின்னு பார்த்தா ஒவ்வொரு இறகுலயும் நரம்பு ஓடும். வெளிச்சம் தாராளமா வரும், முகம் தெரியாது. ஆள் முகம் வர்ற உயரத்துல மட்டும் இதைப் போட்டுட்டு, அதுக்கு மேல தெளிவான கண்ணாடி வைக்கச் சொல்லுங்க.

கேள்வி: ஈயம் வச்சதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க, இப்போ பார்த்தா ஒரே கண்ணாடி மேல பட்டையை ஒட்டின மாதிரி சந்தேகமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: சாயங்கால வெளிச்சத்துல கதவுக்கு ஓரமா நின்னு, கண்ணாடியில விழற பிம்பத்தைப் பாருங்க. நிஜமாவே கோத்ததுன்னா ஒவ்வொரு துண்டும் மயிரிழை அளவு வேற வேற சாய்வுல உக்காந்திருக்கும், எதிர் வீட்டு ஜன்னல் துண்டுக்குத் துண்டு உடைஞ்சு தாவித் தெரியும். ஒட்டினதுன்னா பிம்பம் பட்டைக்கு அடியில வழுக்கிக்கிட்டு ஒரே கோடா ஓடும். பட்டைங்க சேர்ற இடத்தையும் தடவிப் பாருங்க, பத்த வச்சிருந்தா லேசா மேடு தட்டுப்படும், ஒட்டினதுல ஒரு பட்டை மேல இன்னொண்ணு ஏறி நிக்கும். ஒட்டினது கெட்ட பொருள்னு நான் சொல்ல மாட்டேன், அது ஒரு வகை. ஆனா அதைக் கோத்ததுன்னு சொல்லி வித்திருந்தா அது ஏமாத்து வேலை, போய்க் கேளுங்க, விடாதீங்க.

கேள்வி: ஈயம் மங்கலா இருக்கும், பித்தளைப் பட்டை போட்டா பளபளன்னு ரிச்சா இருக்கும்னு சொல்றாங்களே அண்ணே?

பதில்: ஈயத்தைப் பாத்து இளிச்சதாம் பித்தளைன்னு நம்ம ஊர்ப் பழமொழியே இருக்கு தம்பி. ரெண்டுக்கும் அதது இடம் உண்டு. பித்தளை, துத்தநாகம் ரெண்டும் விறைப்பானது, நேர்க்கோடும் கட்டமுமா இருக்கிற டிசைனுக்கு அருமையா நிக்கும். உங்க டிசைன்ல கொடி, பூ, வளைவுன்னு இருந்தா ஈயம்தான், விரல் அழுத்தத்துக்கே வளையும், எந்த வளைவுக்கும் கூடவே வரும். கதவுங்கிறது ஜன்னல் மாதிரி சும்மா இருக்காது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூடறோம், காத்துல படார்னு அடிக்குது, அந்த அதிர்ச்சியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாங்கிக்கிறதும் ஈயத்தோட குணம். மங்கல் பத்திக் கவலைப்படாதீங்க. பின்னாடி வெளிச்சம் இருந்தா ஈயமோ பித்தளையோ கண்ணுக்கு எல்லாம் கறுப்புக் கோடுதான்.

டிசைன் வரையறவங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. பலகையோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே நேர்க்கோடா பட்டை ஓடுதான்னு. அப்படி ஓடினா அந்தக் கோடு கீல் மாதிரி வேலை செய்யும், பலகை அங்கதான் மடங்கும். செங்கல் கட்டறப்போ இணைப்பு மேல இணைப்பு வராம மாத்தி மாத்தி வைக்கிறோமே, அதே மாதிரி கோடுகளை மாத்திக் கொடுக்கணும்.

கேள்வி: எங்க வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு. ஈயம் விஷம்னு படிச்சேன், கண்ணாடி உடைஞ்சா என்ன ஆகுமோன்னு வேற பயம். இந்த ஆசையையே விட்டுடலாமா?

பதில்: விட வேணாம்மா, ஆனா உங்க ரெண்டு பயமுமே சரியானது, யாராவது ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா நம்பிடாதீங்க. காரீயம் தோல் வழியா உடம்புக்குள்ள போறது மிகக் குறைவு, ஆனா தொட்ட கை வாய்க்குப் போகும், அந்த வயசுல குழந்தை கதவையே நக்கும். பழைய ஈயத்து மேல வெள்ளையா மாவு மாதிரி பூத்திருந்தா இன்னும் ஆபத்து. கோத்த கண்ணாடித் துண்டுங்க சாதாரணக் கண்ணாடி, உடைஞ்சா கூர்முனை. டஃபன் பண்ணின, அதாவது சூடாக்கிச் சட்டுனு குளிர வச்சு உறுதியாக்கின கண்ணாடியை அதுக்கப்புறம் வெட்ட முடியாது, வெட்டினா மொத்தமும் பொடியாயிடும், அதனால அதை வச்சுக் கோக்கவும் வழி இல்ல.

உங்களுக்கு நான் சொல்றது மூணடுக்கு. கோத்த பலகை நடுவுல, உள்பக்கம் ஒண்ணு வெளிப்பக்கம் ஒண்ணுன்னு டஃபன் கண்ணாடி, சுத்தி காத்துப் புகாம சீல். குழந்தை கை ஈயத்துல படாது, மோதினாலும் முதல்ல தாங்கறது டஃபன், அது உடைஞ்சாலும் சின்னச் சின்ன மழுங்கின துண்டாத்தான் விழும். மழைத் தண்ணி ஈயத்துக்குப் போகாது, வெளிச் சத்தமும் சூடும் கொஞ்சம் குறையும், துடைக்கிறதும் சுலபம். சீலிங்கைப் பட்டறையிலயே, ஈரம் உறிஞ்சற மணி போட்ட ஓரப்பட்டையோட பண்ணியிருக்காங்களான்னு கேட்டுக்குங்க. வீட்டுல வந்து சிலிக்கானைச் சுத்தி இழுத்துட்டுப் போனா கொஞ்ச நாள்ல உள்ள ஆவி கட்டிக்கும், அதைத் துடைக்க வழியே கிடையாது. பல நாட்டுல கதவுலயும் கதவை ஒட்டின கண்ணாடியிலயும் பாதுகாப்புக் கண்ணாடிதான் போடணும்னு கட்டட விதியே இருக்கு, உங்க பகுதி விதியையும் ஒரு வார்த்தை விசாரிச்சுடுங்க.

ஆனா எடையைக் கணக்குப் போடணும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடி இரண்டரை கிலோ. அரை மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம்னா 0.8 சதுர மீட்டர். மூணடுக்கும் சேர்ந்து 12 மில்லிமீட்டர் கண்ணாடின்னு வச்சா 24 கிலோ, ஈயம் தனி. சாதாரணமா ரெண்டு கீல்ல தொங்கற கதவு இதைத் தாங்காது, கீழ்முனை தொங்கிப் போய் தரையில இழுக்கும். கதவு செய்யற ஆசாரிகிட்ட இந்த எடையை முன்கூட்டியே சொல்லிடுங்க, கனமான கீல் மூணு நாலு போடுவார், சட்டத்தோட அகலத்தையும் கூட்டுவார். கண்ணாடி வந்த பிறகு சொன்னா அவர் மேல தப்பில்ல.

கேள்வி: எங்க தாத்தா காலத்துக் கதவுல கண்ணாடி நடுவுல உப்பியிருக்கு, தட்டினா கடகடன்னு ஆடுது. கண்ணாடி ரொம்ப மெதுவா உருகி வழியும், அதனாலதான் இப்படின்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா? கையால அமுக்கினா சரியாயிடுமா?

பதில்: ஐயா, கையை மட்டும் வச்சுடாதீங்க. கண்ணாடி வழியறதும் இல்ல. பழைய காலத்துல தகடு செஞ்ச முறையில கனம் ஒரே சீரா வராது, அந்தத் தடிச்ச ஓரத்தைப் பார்த்துட்டுத்தான் அப்படி ஒரு பேச்சு கிளம்பிடுச்சு. தளர்ந்தது ஈயம். அது மெத்தென்ற உலோகம், வருஷக்கணக்கா தன் எடையையும் வெயில்ல விரியறதையும் ராத்திரி சுருங்கறதையும் தாங்கித் தாங்கி அயர்ந்து போகும். கடகடன்னு ஆடறதுன்னா பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அடைச்சிருந்த சிமென்ட் உதிர்ந்துடுச்சுன்னு அர்த்தம். சிமென்ட்னா வீடு கட்டறது இல்ல, ஆளி விதை எண்ணெயும் சுண்ணப் பொடியும் கொஞ்சம் கரியும் குழைச்சது. பிரஷ்ல அழுத்தித் தேச்சுப் பட்டைக்கு அடியில ஏத்தணும், பலகைக்கு உறுதி பாதி அதுலதான் வருது.

உப்பல் லேசா இருந்து, பத்த வச்ச இடங்கள்ல விரிசல் இல்லாம இருந்தா, தெரிஞ்சவங்க பலகையைக் கழட்டி மெல்லப் படுக்க வச்சு, சின்ன எடை வச்சு, நாள் கணக்குல நேராக்கிடுவாங்க. அப்புறம் புதுசா சிமென்ட் ஏத்தி, பின்பக்கம் குறுக்க ஒரு இரும்புக் கம்பி கொடுத்து, பத்த வச்ச முனைகள்ல செப்புக் கம்பியால கட்டி விட்டா இன்னும் பல வருஷம் நிக்கும். ஈயமே கிழிஞ்சிருந்தா மொத்தமாப் பிரிச்சுப் புதுப் பட்டையில கோக்கணும். பிரிக்கிறதுக்கு முன்னாடி செய்யற ஒரு வேலை இருக்கு. பலகை மேல மெல்லிசு காகிதத்தை விரிச்சு, கறுப்பு மெழுகுக் கட்டியைப் படுக்க வச்சுத் தேச்சுக்கிட்டே வருவோம். ஒவ்வொரு பட்டையும், ஒவ்வொரு முடிச்சும், அந்தக் காலத்து ஆள் கை நடுங்கின இடம் கூட காகிதத்துல ஏறிடும். அதுல ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, அதுக்கு மேலயே திரும்ப அடுக்குவோம். பிரிக்கப் போறவர் இந்தக் காகிதம் எடுக்கலன்னா கதவைக் கொடுக்காதீங்க. எடுத்தார்னா வேலை முடிஞ்சதும் அதைக் கேட்டு வாங்கி வச்சுக்குங்க, அது உங்க தாத்தா கதவோட அச்சு.

கேள்வி: தினமும் எதைப் போட்டுத் துடைக்கிறது?

பதில்: தினமும் வேணாம். மெத்தென்ற துணியைத் தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, துண்டு துண்டாத் துடைங்க, கண்ணாடி மேல நேரா எதையும் பீய்ச்சாதீங்க, பட்டை இடுக்குல இறங்கிடும். வினிகர் ஈயத்தை அரிக்கும், அம்மோனியா கலந்த கிளீனரும் வேணாம், ரெண்டையும் ஓரமா வச்சுடுங்க. வெள்ளைப் பூப்பு இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, தூள் பறந்து மூச்சுல போகும். ஈரத்துணியால ஒத்தி எடுத்து, துணியைத் தூக்கிப் போட்டுட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிடுங்க.